படத்தில் இருப்பவர் இருவர் மட்டுமல்லர்

இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றிய நூல்கள் பலவற்றில் ஒரு புகைப்படத்தைக் காணலாம். 1943-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் எடுத்தது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அணிவகுப்பைப் பார்வையிடுகிறார். அருகில் இராணுவ உடையில் ஓர் இளம்பெண். எதிரே துப்பாக்கி ஏந்திய மகளிர் வரிசை. படத்தின் அடியில் இரண்டு பெயர்கள் மட்டுமே இருக்கும்.

அந்த இளம்பெண் கேப்டன் லட்சுமி. நம் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலேறிப் பூங்கா நிலையத்தில் இறங்கினால், அருகிலேயே அவர் பயின்ற சென்னை மருத்துவக் கல்லூரி. 1938-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1940-இல் சிங்கப்பூர் சென்றார். 1943 ஜூலையில் நேதாஜி மகளிர் படை அமைக்க விரும்பியபோது, தலைமையேற்க முன்வந்தவர் அவரே. அப்படைக்கு ஜான்சி ராணியின் பெயர் சூட்டப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் பயிற்சி முகாம் தொடங்கியது.

சரி, வரிசையில் நின்றவர்கள் யார்? அப்படையில் சேர்ந்தவருள் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள். மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிப் பிழைத்த குடும்பங்களின் புதல்வியர். அவர்களுள் பலர் இந்திய மண்ணை ஒருமுறையேனும் மிதித்ததில்லை. காணாத தாய்நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கினர் என்பதை எண்ணிப் பாருங்கள்!

இவர்களின் தோழியரில் பெயர் நிலைத்த ஒருவர் ஜானகி தேவர். கோலாலம்பூரில் 1925-இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் நேதாஜியின் உரையைக் கேட்டுத் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு தம்மையே கொடுத்தார். 1945-இல் இரங்கூனைவிட்டுப் பின்வாங்கியபோது, விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இரவில் நடந்த மகளிர் அணியை வழிநடத்தினார். 2000-ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. 2014-இல் மறைந்தார்.

லட்சுமியும் ஜானகியும் கற்றவர்கள். தம் கதையைத் தாமே சொல்ல முடிந்தது. எழுத்தறியாத தோட்டத்துப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு ஏது? வீரத்தில் குறைவில்லை, எழுதி வைக்கத்தான் ஆளில்லை. வரலாற்றில் பெயர் பெறுவதற்குத் துணிவு மட்டும் போதாது போலும்!

மலேயாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. அவர்களின் பெட்டிகளில் பழைய படங்களும் இருக்கும். நண்பர்களே, அந்த வீடுகளில் மூத்தவர்களிடம் கேளுங்கள். படத்தின் பின்புறத்தில் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். கற்றவர் செய்யக்கூடிய சிறு கடன் அது.