மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்

1990களில், பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் அரிய பொருள். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் கிளப்புவதற்குச் சில சொட்டுப் பெட்ரோல் வேண்டும். ஏன்?

எஞ்சினுக்குள் எரிவது திரவம் அல்ல, ஆவி. பெட்ரோல் சுமார் -40 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய்க்கு 38 டிகிரியாவது தேவை. குளிர்ந்த எஞ்சினில் அது துளிகளாகவே நிற்கும், பொறி வீணாகும். பெட்ரோலில் கிளம்பிச் சூடேறியபின் மாற்றினால் ஓடும்.

ஓடும், அவ்வளவுதான். ஆக்டேன் எண் குறைவு என்பதால், சுடர் வந்து சேருமுன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்து எஞ்சின் தட்டும். எரியாத துளிகள் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். ப்ளக்கில் கரி, புகையைக் கேட்கவே வேண்டாம். ஆயிலை அடிக்கடி மாற்றினால் எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.