நிபோங் திபால் மண்ணுக்கு அடியில் என்ன இருக்கு? நிலவியல் வரைபடத்தை ஏன் புதுப்பிக்கணும்?

புது தாமானில் வீடு வாங்கி சில வருஷம்தான் ஆகியிருக்கும். வீடு அப்படியே நிற்கும். ஆனால் கார் நிறுத்தும் தரை மட்டும் கீழே இறங்கி, சுவருக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கும். நீங்களும் எங்காவது இதைப் பார்த்திருப்பீர்கள், இல்லையா? பல இடங்களில் இதற்குக் காரணம் அடியில் உள்ள மென்மையான களிமண். வீடு ஆழமாக இறக்கிய தூண்கள் மேல் நிற்கிறது. தரையோ களிமண் மேல் கிடக்கிறது.

எந்த இடத்தில் எந்த மண், எவ்வளவு ஆழம் என்று சொல்வதுதான் நிலவியல் வரைபடத்தின் வேலை.

பழைய வரைபடம் போதாதா?

தீபகற்ப மலேசியாவின் நிலவியல் வரைபடம், 8-ஆம் பதிப்பு, 1985-இல் வந்தது. அதில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 5 கிலோமீட்டர். நிபோங் திபால் பட்டணத்தை உங்கள் விரல் நுனியே மறைத்துவிடும்! 2014-இல் 9-ஆம் பதிப்பு வந்தது. நாட்டின் முழுப் படத்துக்கு அது சரி; ஒரு தாமான் கட்ட அது பத்தாது. அதற்குப் பெரிய அளவிலான, நுணுக்கமான வரைபடம் வேண்டும்.

கடல் விட்டுச் சென்ற மண்

சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. கடல் பின்வாங்கியபோது சேற்றையும் களிமண்ணையும் விட்டுச் சென்றது. இந்த அடுக்குக்கு நிலவியலாளர்கள் வைத்த பெயர் ‘குலா’. கிரியான் ஆற்றுக்குத் தெற்கே, பேராக்கில் உள்ள கோலா குலாவின் பெயர்தான் அது. அதற்கும் அடியில் ‘சிம்பாங்’ எனும் பழைய மணல், சரளை, களிமண் அடுக்கு. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண்ணுக்குப் பெயர் ‘பெருவாஸ்’.

தைப்பிங் கடலோரச் சமவெளியில் இந்த அடுக்குகளை ஆராய்ந்து 1985-இல் அறிக்கை வெளியிட்ட இருவரில் ஒருவர் டி. சுந்தரலிங்கம். செபராங் பிறை, கோலா குராவ் பகுதி ஆய்வுகளைத் தொகுத்து 1990-இல் எழுதியவர் கமாலுடின் ஹசான்.

வானிலிருந்து பார்த்தால் போதுமா?

இப்போது உதவிக்கு இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று லைடார்: விமானத்திலிருந்து லேசர் கதிரை அனுப்பி, செம்பனை ஓலைகளின் இடுக்கு வழியாகத் தரையின் மேடு பள்ளத்தை அளக்கும். பழைய ஆற்றுத் தடங்கள்கூடத் தெரியும். இன்னொன்று ரேடார் செயற்கைக்கோள். மேகம் இருந்தாலும் கவலையில்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்து, கட்டடங்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்று காட்டும். ஆனால் செடிகொடி அடர்ந்த இடத்தில் இந்தக் கணக்கு தடுமாறும்.

முக்கியமான விஷயம்: இரண்டுமே களிமண்ணின் ஆழத்தைச் சொல்லாது. அதுக்கு ஆள் இறங்கித்தான் ஆகணும். துளையிட்டு மண்ணை வெளியே எடுத்து, நிறம் பார்த்து, சிப்பித் துண்டுகளைத் தேடி, கரிமக் காலக்கணிப்பு செய்து வயதைக் கண்டுபிடிப்பார்கள். மேலிருந்து வரும் படம் எங்கே துளையிடலாம் என்று காட்டும். துளை அந்தப் படம் சரியா என்று சொல்லும். கனிம, புவி அறிவியல் துறையான ஜேஎம்ஜி, மலைச்சரிவு அபாய வரைபடங்களுக்கும் லைடாரைப் பயன்படுத்துகிறது.

உங்களுக்கு என்ன பயன்?

பத்து காவான், நிபோங் திபால் பக்கம் தோட்டங்கள் இருந்த இடத்தில் தொழிற்சாலைகளும் வீடுகளும் வருகின்றன. செம்பனைக்கு ஈரக் களிமண் பரவாயில்லை. கான்கிரீட்டுக்கு அப்படி இல்லை.

ஊர்ப் பெயரையும் கவனியுங்கள். ‘பெர்மாத்தாங்’ என்றால் மலாயில் மேட்டு நிலம். பெர்மாத்தாங் பாவ் ஓர் உதாரணம். இத்தகைய மேடுகள் பல, பழைய கடற்கரையின் மணல் திட்டுகள். அந்தக் காலத்து மக்கள் வெள்ளம் ஏறாத இடம் பார்த்துக் குடியேறியிருக்கிறார்கள்.

அடுத்த முறை வீட்டில் புது வீடு வாங்கும் பேச்சு வந்தால், விலையோடு இதையும் கேட்கச் சொல்லுங்கள்: ‘மண் பரிசோதனை அறிக்கை என்ன சொல்லுது? களிமண் எத்தனை மீட்டர்?’