'கசின் பிரதர்' தப்பா பாஸ்? கம்பம் பள்ளத்தாக்கு இங்கிலீஷுக்கு ஒரு கிராமர் செக்!

'ஐ பாஸ்ட் அவுட் லாஸ்ட் இயர்.'

டிப்ளமோ முடித்ததும் போன முதல் இன்டர்வியூவில் நான் சொன்ன வாக்கியம் இது. எதிரில் இருந்தவர் சிரித்துவிட்டு, "மயக்கம் எப்போ தெளிஞ்சது?" என்றார். சின்னமனூருக்கு பஸ் ஏறிய பிறகுதான் அந்த ஜோக்கே எனக்குப் புரிந்தது. 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவதாம்! ஆனால், ராணுவத்தில் பயிற்சி முடித்தவர்களுக்கு நடப்பது 'பாஸிங் அவுட் பரேடு'தானே? பிரிட்டனிலேயே இருக்கும் வழக்குதான் அது. காலேஜுக்கு மட்டும் 'கிராஜுவேட்டட்' என்று சொல்லிவிட்டால் வம்பில்லை.

அன்றிலிருந்து நம்ம ஊரில் காதில் விழும் இங்கிலீஷையெல்லாம் அகராதியில் தேடிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

முதலில் 'கசின் பிரதர்'. இலக்கணப்படி 'கசின்' மட்டும் போதும். ஆனால், நமக்குப் போதாதே! சித்தப்பா மகன் அண்ணன், அத்தை மகன் மச்சான். ஒருவர் கூடப்பிறந்தவர் மாதிரி, இன்னொருவர் கட்டிக்கொள்ளும் முறை. இங்கிலீஷோ இருவரையும் ஒரே 'கசினில்' அடைத்துவிடுகிறது. அதனால்தான் நாம் 'பிரதரை' ஒட்டவைக்கிறோம். அத்தை மகனைப் போய் 'கசின் பிரதர்' என்று அறிமுகப்படுத்திவிடாதீர்கள். முறைப்பையனை அண்ணனாக்கிட்டியே என்று அப்பத்தா சண்டைக்கு வரும்.

'டுடே மார்னிங்', 'இன்று காலை'யின் நேரடி மொழிபெயர்ப்பு. 'திஸ் மார்னிங்' என்பதே சரி. 'டிஸ்கஸ் அபவுட்'டில் 'அபவுட்' தேவையில்லை. 'ரிட்டர்ன் பேக்'கில் 'பேக்' தேவையில்லை.

'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' பிரிட்டிஷ் காலத்து மிச்சம். அதிகாரி வேலை பார்த்த ஊருக்குப் பெயர் 'ஸ்டேஷன்'. போடி ரயில்வே ஸ்டேஷனுக்கு 2010 கடைசியிலிருந்து 2023 ஜூன் வரை ரயிலே வரவில்லை. அப்போதும் இங்கே பலர் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்'தான்!

நாம் கண்டுபிடித்ததாக எல்லோரும் நினைக்கும் 'ப்ரீபோன்', 1913-லேயே நியூயார்க் டைம்ஸுக்கு வந்த ஒரு கடிதத்தில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் உண்டு. தைரியமாகச் சொல்லலாம். 'டூ தி நீட்ஃபுல்' வெள்ளைக்காரர்கள் எழுதிய பழைய அலுவலக இங்கிலீஷ். தப்பில்லை, அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் விடவில்லை.

கவனமாக இருக்க வேண்டியது இலக்கணம் சரியாக இருந்தும் அர்த்தம் மாறும் இடங்களில்தான். போடியிலிருந்து ஏலக்காய் அனுப்பும் ஒருவர், பணம் எப்போது வரும் என்று கேட்க நினைத்து, 'வீ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் பேமென்ட்' என்று லண்டனுக்கு மெயில் போட்டால் என்ன ஆகும்? 'நீங்கள் பணம் தருவீர்களா என்றே சந்தேகமாக இருக்கிறது' என்று அங்கே படிப்பார்கள். அதற்கு 'கொஸ்டின்' போதும்.

'ரிவர்ட்' இன்னும் ஆபத்து. நமக்கு அது 'பதில் சொல்கிறேன்'. அகராதியில் முதல் அர்த்தம், பழைய நிலைக்கே திரும்புவது. 'வீ வில் ரிவர்ட் ஆன் தி பிரைஸ்' என்று எழுதினால், விலையைப் பழையபடி குறைக்கப் போகிறீர்கள் என்று அவர் சந்தோஷப்படலாம். 'ரிப்ளை' என்றே எழுதுங்க ஜி!