தண்டனை யாருக்கு?

நமது கடைகளில் ஊழியர் தவறு செய்தால் நாமே விசாரித்து முடிவு சொல்லிவிடுகிறோம். பெரிய கம்பெனிகளில் கீழ்மட்ட ஊழியரை நிர்வாகம் தண்டிக்கும். தலைமை அதிகாரியைத் தண்டிக்கும் பொறுப்பு இயக்குநர் குழுவுக்கு உரியது.

அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கியை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் ஒருவருக்கு எட்டு வகைச் சேவைகளை விற்க வேண்டும் என்று அங்கே இலக்கு வைத்தார்கள். எட்ட முடியாத ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர் பெயரில் கணக்குகளைத் திறந்தார்கள். ஐந்து ஆண்டுகளில் சுமார் 5,300 பேர் வேலை இழந்தனர். இலக்கோ அப்படியே இருந்தது.

2016 செப்டம்பரில் அரசு அமைப்புகள் 18.5 கோடி டாலர் அபராதம் விதித்த பிறகே இயக்குநர் குழு விழித்தது. நிர்வாகத்தில் பங்கில்லாத இயக்குநர்கள், வெளி வழக்கறிஞர்களை வைத்து விசாரித்தனர். தலைமை அதிகாரி ஜான் ஸ்டம்ப்புக்கு வரவேண்டிய 4.1 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை முதலில் ரத்து செய்தனர். அக்டோபரில் அவர் பதவி விலகினார். விற்பனை நெருக்கடியே தவறுகளுக்கு வழிவகுத்தது என்று 2017 ஏப்ரலில் அறிக்கை கூறியது. அவரிடமிருந்து மேலும் 2.8 கோடி டாலர் திரும்பப் பெற முடிவாயிற்று.

பண்டிகைக் காலத்தில் நாமும் விற்பனையாளருக்கு இலக்கு வைக்கிறோம். எடை குறைவு, பழைய சரக்கு என்று புகார் வந்தால் உடனே பையனைக் கணக்குத் தீர்த்து அனுப்புகிறோம். அவனுக்கு நெருக்கடி தந்தது யார் என்பதையும் விசாரிக்க வேண்டும். நமக்கு மேல் இயக்குநர் குழு கிடையாது. அந்தக் கேள்வியை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.