தேசிக்காய்ச் சோறும் கறிவேப்பிலையும்

சென்ற வாரம் இலக்கண வகுப்பு நடந்துகொண்டிருக்கையில் ஒரு மாணவி எழுந்து நின்றாள். "ஐயா, எலுமிச்சைச் சாதம் என்று கட்டுரையில் எழுதினேன். தேசிக்காய்ச் சோறு என்று திருத்தியிருக்கிறீர்கள். நான் எழுதியது பிழையா?" என்று கேட்டாள். வினா சிறியது. விடை சொல்லப் புகுந்த நானோ பாடவேளை முடிந்து மணி அடித்த பின்னும் சொல்லி முடித்தேனில்லை. எஞ்சியதை ஈண்டு எழுதுகின்றேன்.

ஏடும் எழுத்தாணியும் பற்றிப் பேச வேண்டிய பண்டிதனுக்கு அகப்பையோடு என்ன வேலை என்று சில அன்பர்கள் வினவக்கூடும். நம் பழம்புலவர்கள் அடுப்படியை இழிவென்று எண்ணியவர்கள் அல்லர். குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் கூடலூர் கிழார் ஓர் இளமனைவியைக் காட்டுகின்றார். முற்றிய தயிரைத் தன் விரல்களாலேயே பிசைகின்றாள்; கையைக் கழுவவும் பொழுதின்றி உடையிலே துடைத்துக்கொள்கின்றாள்; தாளிப்பின் புகை கண்ணிலே படிகின்றது. தானே துழாவிச் சமைத்த அந்தப் புளிக்கறியைக் கணவன் இனிக்கின்றது என்று உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மலர்கின்றது. அம்மலர்ச்சியைக் கண்டு சொன்னவர் புலவர்தாமே! சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையிலும் மாதரியின் மனையில் கண்ணகி தன் கையாற் காய்கறி அரிந்து, சோறாக்கி, கோவலனுக்குப் படைக்கின்றாள். அவன் உண்ட கடைசி உணவு அதுவே. அந்தக் கண்ணகியைத்தான் மட்டக்களப்பு நாட்டில் நாம் வைகாசிதோறும் அம்மனாக எழுந்தருளச் செய்து, குளிர்த்தி பாடி வழிபடுகின்றோம். அடுப்பின் முன்னே அமர்ந்தெழுந்த ஒருத்தி தெய்வமான நாட்டில், அடுப்பைப் பற்றி எழுத நாணுவது எற்றுக்கு?

இனிச் சொல்லாராய்ச்சிக்கு வருவோம். சோறு என்பது தொன்மையான தமிழ்ச்சொல். அடிசில், அமலை, மிதவை, மூரல், சொன்றி, புழுக்கல் என்று நிகண்டுகள் அதற்குப் பல பெயர்களை அடுக்கும். சாதம் என்பதைப் பிரசாதம் என்ற வடசொல்லின் முன்னெழுத்துக் கெட்டுவந்த வடிவம் என்பர். எலுமிச்சை என்றும் தேசிக்காய் என்றும் வழங்குவன நாட்டு வழக்கு வேறுபாடுகளே. தமிழகத்தார் எலுமிச்சை என்பதை நாம் தேசிக்காய் என்போம். நம் அயலவராகிய சிங்கள மக்கள் தெஹி என்பர். அதன் சாற்றுக்கு நம் ஊரிற் சாறு என்ற பெயர் இல்லை; தேசிப்புளி என்பதே பெயர். கறியை இறக்கியபின் "புளி விட்டாயா?" என்று கேட்டால் எந்தப் புளி என்று எவரும் மயங்குவதில்லை. பழத்தின் பெயரிலேயே அதன் தொழிலும் அடங்கிவிடுகின்றது.

சொற்களும் பழங்களைப்போலக் கடல் கடந்து செல்வன. தேசிக்கு உறவான நாரத்தையை எடுத்துக்கொள்வோம். வடமொழியில் நாரங்கம், பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பானிய மொழியில் நாரஞ்சா என்று மேற்கு நோக்கி நடந்த அச்சொல்லின் வேர் திராவிட மொழிகளில் உள்ளது என்பது மொழிநூலார் பலரின் கொள்கை. நறுமணத்தைக் குறிக்கும் நம் 'நறு' என்னும் அடியோடு அதனை இயைத்துக் காட்டுவாரும் உளர்.

கறிவேப்பிலையின் வரலாறும் சுவையானது. கறிக்கு உதவும் வேம்பு போன்ற இலை என்பது பெயர்ப்பொருள். பெரும்பாணாற்றுப்படை, மாதுளங்காயைப் பசுவெண்ணெயில் வெதுப்பி, மிளகுப்பொடியும் கஞ்சகத்தின் இலையும் கலந்து படைக்கும் ஒரு விருந்தைக் கூறுகின்றது. கஞ்சகம் என்பதற்குக் கறிவேம்பு என்று பொருள் கொள்வர். எனவே அவ்விலை நம் சட்டியில் விழத் தொடங்கி ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன என்னலாம். அவ்விருந்தில் மிளகாய் இல்லாமை காண்க. மிளகாய் அமெரிக்க நாட்டுச் செடி; போர்த்துக்கேயர் வருகைக்குப் பின்னரே நம் அடுப்படியை அடைந்தது.

பெயரால் வேம்பாயினும் குலத்தால் கறிவேப்பிலை வேம்பின் உறவு அன்று. தாவரநூலார் அதனைத் தேசி, நாரத்தை, தோடை ஆகியவற்றின் குடும்பத்திலேயே சேர்ப்பர். விளாவும் வில்வமும், மாணிக்கவாசகருக்குக் குருவருள் கிட்டிய இடத்து நின்றதாகச் சொல்லப்படும் குருந்தும் அதே குடும்பத்தவை. இவற்றுட் பெரும்பாலானவற்றின் இலையைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பீராயின், ஊசிமுனை அளவான ஒளிப்புள்ளிகள் தோன்றும். அவை மணநெய் தங்கும் சிறு பைகள். 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவரும் தாவர ஆய்வாளருமான கோனிக் என்பாரின் பெயரைக் கறிவேப்பிலையின் அறிவியற்பெயர் இன்றும் தாங்கி நிற்கின்றது. ஆகவே தேசிக்காய்ச் சோற்றில் பழமும் இலையும் கூடுவது அயலார் இருவர் கூடுவதன்று; பிரிந்த உடன்பிறப்புகள் ஒரே சட்டியிற் சந்திப்பதாகும்.

இவ்வளவும் நூலறிவு. அச்சோற்றின் அருமையை நான் அறிந்தது நூலால் அன்று.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பூரணை. காலையிற் கடல் எழுந்து எங்கள் கல்லடிக் கரையை அடித்தது. அம்மாவை முதுகிற் சுமந்துகொண்டு ஓடினேன். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, அன்று போனவர் போனவரே. வாவிக்கரையில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்திற் பாய் விரித்து இருந்தோம். இரண்டு நாள்கள் அம்மா தண்ணீரைத் தவிர வேறொன்றையும் வாயில் வைக்கவில்லை. கொடுத்த பிசுக்கோத்தைக் கையிலே வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தார்.

மூன்றாம் நாட் காலையில் படுவான்கரையிலிருந்து தோணிகளிற் சோற்றுப்பொதிகள் வந்தன. எம் நாட்டைப் பிரியாத அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, பிறர்க்காகச் சொல்கின்றேன். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் எம் வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. எழுவான் கடலை நம்பியது. படுவான் வயலை நம்பியது. அந்நாளிற் போர் ஓய்ந்திருந்ததே அன்றி முடிந்திருக்கவில்லை. இரு கரைகளுக்குமிடையே காவலரண்கள் இருந்தன. அவற்றையெல்லாம் கடந்து அந்தச் சோறு வந்தது.

பொதிகளோடு வந்த அம்மையார் ஒருவர் அம்மாவின் அருகே குந்தி, வாழையிலையை விரித்தார். "தேசிக்காய்ச் சோறு, அக்கா. மத்தச் சோறு இப்ப இறங்காது. இது இறங்கும். ஒரு வாய் வைச்சுப் பாருங்க" என்றார். மஞ்சள் நிறச் சோறு. பச்சைத் துணுக்குகள் தூவினாற்போற் கலந்திருந்தன. மணம் எழுந்தது. அம்மாவின் தொண்டை அசைவதைக் கண்டேன். புளிப்பின் மணத்துக்கு வாய் ஊறுவது நம் விருப்பத்தைக் கேட்டு நிகழ்வதன்று. உடம்பு தானே செய்வது. துயரம் பூட்டிவைத்த வாயை அந்த ஊறல் திறந்தது. அம்மா உண்டார், உண்டபின்பே அழுதார். அதுவரை அவர் அழவும் இல்லை.

அந்த அம்மையார் அடுத்த இரண்டு நாள்களும் வந்தார். கடைசி நாள் அம்மா கேட்டார்: "புளி கொஞ்சமும் கைக்கல்லையே, எப்படி ஆக்கினீங்க?" அவர் மூன்று விதி சொன்னார். சோறு ஆற வேண்டும். புளி நெருப்பைக் காணக் கூடாது. கறிவேப்பிலையை அரிந்து போட வேண்டும். எங்கள் மனையில் இன்றளவும் அந்த விதிகளே ஆட்சி செய்கின்றன. அளவோடு கூறுகின்றேன்.

இரண்டு சுண்டு சம்பா அரிசியைக் கழுவி, சற்றே விறைப்பாக ஆக்குக. அகன்ற தாம்பாளத்திற் பரப்பி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் தெளித்து ஆறவிடுக. சுடுசோற்றிற் புளி விட்டுக் கிளறினால் குழைந்து களியாகும். ஆறிய சோறு ஒன்றோடொன்று ஒட்டாது நிற்கும். நடுத்தரமான தேசிக்காய் மூன்றை வெட்டி விதை நீக்கிப் பிழிக. சக்கையை முறுக்கிப் பிழிதல் ஆகாது. கைப்பு உறைவது தோலின் உள்வெண்மையிலும் விதையிலுமே. பிழிந்த புளியில் அப்போதே உப்பைக் கரைத்துவிடுக. உப்பு ஓரிடத்திற் கூடாது சோறெங்கும் பரவும். பீங்கானோ மண்ணோ கொள்க. செம்பும் பித்தளையும் அலுமினியமும் புளிக்குப் பகை.

சட்டியில் மூன்று கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுந்து, ஒரு பிடி கச்சான் இடுக. கடுகு வெடித்து உளுந்து சிவந்தபின், அரிந்த சின்ன வெங்காயம் பத்து, பச்சைமிளகாய் நான்கு, விரற்கணு அளவு இஞ்சி சேர்த்து வதக்குக. மூன்று நெட்டுக் கறிவேப்பிலையை நூல்போல் அரிந்து பாதியை இப்போது இடுக. அரைத் தேக்கரண்டி மஞ்சட்பொடி இட்டு ஒருமுறை துழாவி இறக்குக. இறக்கிய பின்னரே சோற்றைக் கொட்டுக. அதன் பின்னரே புளியை விடுக. கடைசியிலே எஞ்சிய கறிவேப்பிலையையும் ஒரு பிடி மல்லியிலையையும் தூவி, அகப்பைக் காம்பாற் கிளறி மூடி வைக்க. கால் மணி நேரம் பொறுத்தால் சோறு புளியை உண்டுவிடும். பொரித்த மீனுக்கும் கத்தரிக்காய்க் குழம்புக்கும் எருமைத் தயிருக்கும் இது நல்ல துணை.

மஞ்சளிற் சுண்ணாம்பு பட்டாற் சிவக்கும் என்பதை ஆலாத்தி கரைக்கும் பெண்கள் அறிவர். தேசிப்புளியோ மஞ்சளை மஞ்சளாகவே நிறுத்தும். சோறு எளிதிற் கெடாது தாமதிப்பதும் அப்புளிப்பினாலேயே. காலையிற் கட்டிய பொதி வாவி கடந்து உச்சிப்பொழுதில் உண்ணத் தகுந்ததாய் இருந்தது அதனாலன்றோ! ஆயினும் இரவுவரை வைத்திருத்தல் தகாது. புளி தாமதிக்குமே அன்றி முற்றும் தடுக்காது.

புளி நெருப்பைக் காணக்கூடாது என்ற விதியை நான் பின்னர் ஒரு கடல்வரலாற்றிற் கண்டு வியந்தேன். ஆங்கிலக் கப்பல்களில் மாலுமிகள் பலர் ஈறு வீங்கிக் குருதி கசிந்து மாண்டனர். 1747இல் லிண்ட் என்னும் மருத்துவர் பன்னிரண்டு நோயாளரை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். 1795இல் அக்கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது. பின்னாளில் வேறினத் தேசிக்காயின் சாற்றைச் செம்புக்குழாய் வழியே செலுத்திச் சேமித்து வைத்து வழங்கினர். 1875இல் வடதுருவம் நோக்கிச் சென்ற பயணத்தில் நோய் மீண்டும் தோன்றியது. சாறு இருந்தது, சாரம் போய்விட்டது. சூட்டாலும் செம்பாலும் பழமையாலும் கெடும் அச்சாரத்தை இன்று உயிர்ச்சத்து 'சி' என்கின்றோம். அந்தப் படுவான்கரை அம்மையார் லிண்டை அறிந்தவர் அல்லர். மணம் போகுமே என்று அஞ்சியே அப்படிச் செய்தார். வழி வேறாயினும் ஊர் ஒன்றே.

எங்கள் முற்றத்துத் தேசிமரம் கடல்நீர் குடித்துக் கருகிப்போயிற்று. உப்பைத் தாங்கும் மரம் அன்று அது. கிணற்றை இறைத்து, மாரிமழை இரண்டு கண்டபின் அம்மா புதுக்கன்று நட்டார். 2011இல் முதற்காய் கண்டது. "அந்தப் புள்ளைக்குப் பத்துக்காய் கொண்டுபோய்க் குடு" என்பதே அம்மாவின் பேச்சு. அறுபதைக் கடந்தவரை அம்மா புள்ளை என்றார்! பெயர் என்ன, எந்த ஊர் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தத் துயரில் கேட்கத் தோன்றவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவன்று. கொடுப்பவர் கையைப் பார்த்தோமே அன்றி முகத்தைப் பார்த்தோமில்லை. அடுத்த ஆண்டு அம்மாவும் கண்மூடினார்.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. தோணிக்குக் காத்திருந்த துறையை நொடியிற் கடந்து, ஒரு பை நிறையத் தேசிக்காயோடு படுவான்கரையில் ஊர் ஊராகச் சென்றேன். அடையாளம் சொல்லிக் கேட்டேன். ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த பெத்தா ஒருவர் சிரித்தார். "அண்டைக்கு எந்த வீட்டில சோறு ஆக்காம இருந்தது, வாத்தியார்?" என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை. பையை அத்திண்ணையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஒருவரைப் பயன்கொண்டபின் ஒதுக்கிவிடுதலைக் 'கறிவேப்பிலைபோல் எடுத்தெறிதல்' என்பது உலக வழக்கு. மணம் முழுவதையும் பெற்றுக்கொண்டு இலையை இலையோரத்தில் ஒதுக்குகின்றோம். அரிந்து போட வேண்டும் என்ற மூன்றாம் விதியின் பொருள் எனக்குப் பிந்தியே விளங்கிற்று. அரிந்து கலந்தால் எவராலும் அதனை ஒதுக்க இயலாது. சோற்றோடு உண்டே தீரவேண்டும். ஆண்டுதோறும் மார்கழி 26இல் எங்கள் முற்றத்து மரத்தின் காயைக் கொண்டு இச்சோறாக்கிப் பொதி கட்டுகின்றேன். பாலத்துக்கு அப்பால் முதலிற் காணும் வீட்டிற் கொடுத்துவிட்டு வருகின்றேன். பெயர் கேட்டுக் குறித்துக்கொள்கின்றேன்.

வினவிய மாணவிக்கு என் விடை இதுவே. குழந்தாய், எலுமிச்சைச் சாதம் பிழையன்று. உன் மதிப்பெண்ணைத் திருப்பித் தந்தேன். ஆயினும் நான் தேசிக்காய்ச் சோறு என்றே எழுதுவேன். அம்மாவின் கையில் வைக்கப்பட்டபோது அதற்கு அதுவே பெயர்.