பழைய இரும்பும் நம் துறைமுக மாவட்டமும்

திருக்கோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தையும் அமைதியையும் வியவாதார் இலர். அதன் கரையிலே குவியும் பழைய உலோகத்தைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. 1942 ஏப்பிரில் 9ஆந் திகதி யப்பானியரின் குண்டுவீச்சுக்கு இலக்கான சகாயிங் என்னுங் கப்பல், ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் நீரடியிற் கிடந்து, 2018இல் நம் கடற்படையினரால் மிதக்கவிடப்பட்டது. அத்தகைய பெருங்கப்பல்கள் ஒருபுறமிருக்க, அறுந்த சங்கிலி, துருவேறிய தகடு, பழுதுற்ற வள்ள இயந்திரம் ஆகியன நாள்தோறும் சேர்ந்துகொண்டேயிருக்கின்றன.

இவற்றைக் குப்பையென்று கருதுதல் தவறு. ஒரு தொன் பழைய இரும்பை உருக்கினால் ஏறத்தாழ 1.4 தொன் இரும்புத்தாது மிஞ்சும். பழைய அலுமினியத்தை மீள உருக்குவதற்கு, தாதுவிலிருந்து அதனை ஆக்குவதற்கு வேண்டிய சக்தியில் இருபதிலொரு பங்கே போதும். தாதுவை உருக்கும் பேராலை இல்லாத நம் நாட்டுக்குப் பழைய உலோகமே சுரங்கமாகும். அதனை மலிவாகக் கப்பலேற்றிவிட்டு, கம்பியாகவும் தகடாகவும் அதிக விலைக்கு மீள வாங்குவது சிக்கனமாகுமா?

அவ்வாறாயின் ஏற்றுமதியை முற்றாகத் தடுத்துவிடலாமே என்பர் சிலர். தடுத்தால் உள்நாட்டு விலை வீழும். சாக்குடன் தெருத்தெருவாய்த் திரிந்து இரும்பு பொறுக்கும் ஏழையே முதலில் நட்டமடைவான். அன்றியும், இலங்கை 1948இல் இணைந்த தீர்வை வர்த்தகப் பொது உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை ஏற்றுமதித் தடைகளைப் பொதுவாக விலக்குகின்றது. ஏற்றுமதித் தீர்வையை அது விலக்கவில்லை. தென்னாபிரிக்கா 2013இல் வேறொரு வழியைக் கைக்கொண்டது: ஏற்றுமதி செய்யுமுன் உள்நாட்டு ஆலைகளுக்குக் குறைந்த விலையில் உலோகத்தை விற்க முன்வருதல் வேண்டும் என விதித்தது. எனினும் தண்டவாளங்களும் மின்கம்பிகளும் களவுபோவது ஓயாமையால் 2022இல் தற்காலிகத் தடையையும் விதிக்க நேர்ந்தது.

இவற்றால் நாம் பெறும் பாடம் யாது? தீர்வை மிதமாக இருத்தல் வேண்டும். அதன் வருவாயில் ஒரு பகுதி இம்மாவட்டத்திலேயே வார்ப்பாலை அமைக்கவும் இளைஞரைப் பயிற்றவும் செலவாதல் வேண்டும். வாங்குவோர் பற்றுச்சீட்டு வழங்கிப் பதிவேடு பேணினால் களவும் குறையும். வாங்கி உருக்குவார் இல்லாத இடத்தில் எந்தத் தீர்வையும் இரும்பைத் தடுத்து நிறுத்தாது, துருவேறவே விட்டுவிடும். ஆதலால் முதலில் உலை, பின்னரே தீர்வை. பொறியியலும் வணிகமும் கற்றுயர்ந்த நம் பழைய மாணவர் இதனைச் சிந்திப்பாராக.