நெடுந்தூர மலைப்பாதை ஓட்டத்தில் தன்னம்பிக்கையை மீட்டல்

தார்ச்சாலையை விட்டு விலகி, காடு, மலைகளின் ஊடே செல்லும் மண்பாதைகளில் ஓடும் விளையாட்டு மலைப்பாதை ஓட்டம் (டிரெயில் ரன்னிங்) எனப்படுகிறது. மாரத்தான் தூரமான 42.195 கி.மீ.க்கு மேற்பட்டவை அல்ட்ரா ஓட்டங்கள் ஆகும். இவற்றில் முன்னணி வீரர்கள்கூடப் பாதியில் விலகுவது உண்டு. அவ்வாறு விலகியவர் மீண்டும் களத்துக்கு வர உடல் தேறினால் மட்டும் போதாது. இழந்த தன்னம்பிக்கையும் திரும்ப வேண்டும்.

நம்பிக்கை குலைவது ஏன்?

100 மீட்டர் ஓட்டத்தில் தோற்றவர் அடுத்த வாரமே மீண்டும் ஓடிப் பார்க்கலாம். 100 மைல் (சுமார் 161 கி.மீ.) ஓட்டத்தில் அது இயலாது. அடுத்த வாய்ப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை தோல்வி மனத்தில் தங்கிவிடுகிறது. வயிற்றுக் கோளாறு, வெப்பம், வழி தவறுதல், இறக்கத்தில் தொடைத் தசை பழுதாதல் போன்ற குறிப்பான காரணத்தால் நின்றவர், நாளடைவில் "என்னால் முடியாது" என்ற பொது முடிவுக்கு வந்துவிடுகிறார்.

உளவியல் விளக்கம்

ஒரு செயலைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கையைப் பற்றிய கோட்பாட்டை உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் வெளியிட்டார். சொந்த வெற்றி அனுபவம், பிறர் செய்வதைக் காணுதல், பிறர் தரும் ஊக்கம், உடல்–மன நிலை என நான்கு ஊற்றுகளை அவர் குறிப்பிட்டார். இவற்றுள் வலிமையானது சொந்த வெற்றி அனுபவமே. ஆகவே, நம்பிக்கை வரட்டும் என்று காத்திருப்பதைவிட, சிறிய அளவிலேனும் செய்து காட்டுவதே அதை வளர்க்கும்.

எடுத்துக்காட்டுகள்

அமெரிக்க வீரர் ஜிம் வாம்ஸ்லி, கலிபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டத்தில் 2016-இல் சாதனை வேகத்தில் முன்னணியில் இருந்தார். சுமார் 150 கி.மீ. கடந்த நிலையில் வழி தவறி, 20-ஆம் இடத்தையே பெற்றார். 2017-இல் வயிற்றுக் கோளாறால் சுமார் 125 கி.மீ. தொலைவில் விலகினார். 2018-இல் 14 மணி 30 நிமிடத்தில் சாதனையுடன் வென்றார். 2019-இல் அதையும் முறியடித்தார்.

ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் நடைபெறும் யூ.டி.எம்.பி. ஓட்டம் சுமார் 171 கி.மீ. நீளமும் 10,000 மீட்டர் ஏற்றமும் கொண்டது. இதில் அவர் 2018, 2021 ஆகிய ஆண்டுகளில் பாதியில் விலகினார். பின்னர் பிரெஞ்சு ஆல்ப்ஸ் பகுதிக்கே குடிபெயர்ந்து பயிற்சி செய்தார். 2022-இல் நான்காம் இடம் பெற்று, 2023-இல் வென்றார். இதை வென்ற முதல் அமெரிக்க ஆண் அவரே.

கோர்ட்னி டாவால்டர் 2019 ஜூனில் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தில் இடுப்பு வலியால் விலகினார்; அதே ஆண்டு ஆகஸ்டில் யூ.டி.எம்.பி. மகளிர் பிரிவில் வென்றார்.

மீளும் வழிகள்

1. காரணத்தை எழுதுதல்: எந்த இடத்தில், எதனால் ஓட்டம் தடைப்பட்டது என்பதை ஒரே வரியில் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. அதற்கே பயிற்சி: வயிறு காரணமானால், நீண்ட பயிற்சிகளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தை நோக்கிப் படிப்படியாகப் பழக வேண்டும். வெப்பம் காரணமானால், ஏறத்தாழ இரண்டு வாரம் வெப்பத்தில் அளவோடு பழகுதல் உதவும். தொடைத் தசை காரணமானால், இறக்கங்களில் ஓடிப் பழக வேண்டும்.

3. சிறு போட்டி: 100 மைலுக்கு முன் 25 அல்லது 50 கி.மீ. போட்டியொன்றை நிறைவு செய்வது நல்ல சான்றாக அமையும்.

4. மூன்று இலக்குகள்: முடித்தல், குறித்த நேரத்தில் முடித்தல், குறித்த இடத்தைப் பிடித்தல் என வகுத்துக்கொண்டால், ஒன்று தவறினாலும் மற்றொன்று எஞ்சும்.

போட்டி உணர்வு

தொடக்கத்திலேயே பிறரை முந்த முயல்வது போட்டி உணர்வு ஆகாது. முதற்பாதியில் வேகத்தை அடக்கி, பிற்பாதியில் தளர்ந்தவர்களை ஒவ்வொருவராகக் கடக்கும்போது அது இயல்பாகவே திரும்புகிறது.

எனினும், சிறுநீர் கருமையாக வெளியேறுதல், நினைவு குழம்புதல், மயக்கம் போன்ற அறிகுறிகள் தோன்றினால் உடனே நின்று மருத்துவ உதவி பெற வேண்டும். அந்நிலையில் விலகுவது கோழைத்தனம் அன்று. அடுத்த ஓட்டத்துக்கான வாய்ப்பைக் காத்துக்கொள்வதாகும்.